பல்கலைக்கழகமும் பக்கத்து ஊர்க் கிணறும்: எல்லையோரத் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வேலந்தாவளம், எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கம் வாழும் தமிழர்களையும், அங்கிருந்து பாலக்காட்டுச் சித்தூருக்கும் கோவைக்கும் படிக்கப் போகும் பிள்ளைகளையும் மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. மூணாறு, ஆந்திர எல்லை பற்றியும் ஓரிரு கேள்விகள் உண்டு.

நிலைத்த வளர்ச்சி, சூழல் நீதி என்று இரண்டு பேச்சு அடிபடுகிறது. இரண்டும் ஒன்றுதானா?

நெருங்கிய உறவுதான், ஆனால் ஒன்று என்று சொல்ல முடியாது. வருங்காலத் தலைமுறையின் வாழ்வைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றிக்கொள்வதே நிலைத்த வளர்ச்சி என்று 1987-இல் ஐ.நா.வின் புருண்ட்லாந்து ஆணையம் சொன்னது. ஏழைகளின் தேவைக்கு முதலிடம் தரவேண்டும் என்றும் அதே அறிக்கை சொன்னது. நடைமுறையில் அந்த இரண்டாம் பாதியைப் பலரும் விட்டுவிட்டார்கள்.

விட்டுப்போன அந்தப் பாதியைத்தான் சூழல் நீதி கையில் எடுக்கிறது. 1982-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், வாரன் கவுண்டி என்ற இடத்தில், பி.சி.பி. என்ற நச்சு கலந்த மண்ணைக் கொண்டுவந்து புதைக்க அரசு முடிவு செய்தது. அங்கே பெரும்பான்மையாக இருந்தவர்கள் கறுப்பின மக்கள். அவர்கள் லாரிகளை மறித்துச் சாலையில் படுத்தார்கள். 500-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். கழிவு ஏன் எப்போதும் எங்கள் ஊருக்கே வருகிறது என்ற அவர்களுடைய கேள்விதான் சூழல் நீதி இயக்கமாக வளர்ந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். ஓர் ஆலை தன் வளாகத்துக்குள் மழைநீர் சேமித்து, மரம் வளர்த்து, மின்சாரத்தையும் மிச்சம் பிடிக்கலாம். கணக்குப்படி அது பசுமை ஆலை. மதிலுக்கு வெளியே காலனிக் கிணறு கெட்டுப்போயிருந்தால் அந்தக் கணக்கில் அது ஏறாது. அதையும் கணக்கில் ஏற்றச் சொல்வதே சூழல் நீதி.

இதில் பல்கலைக்கழகத்துக்கு என்ன வேலை? அது பாடம் நடத்தும் இடம்தானே?

பாதிக்கப்பட்டவர்களிடம் அனுபவம் இருக்கும், அளவுகோல் இருக்காது. தண்ணீர் கெட்டுப்போனதை நாக்கே சொல்லிவிடும். ஆனால் அதிகாரியும் நீதிமன்றமும் மில்லிகிராமில் கேட்பார்கள். அந்த இடைவெளியில்தான் பல்கலைக்கழகம் தேவைப்படுகிறது.

1979-இல் டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில், கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த பகுதியில் குப்பைக் கிடங்கு வருவதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் ஆசிரியர் ராபர்ட் புல்லார்ட் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நகரத்தின் குப்பை எங்கெங்கே போகிறது என்று பட்டியல் எடுத்தார். மாநகராட்சிக்குச் சொந்தமான 5 கிடங்குகளும், 8 எரியூட்டிகளில் 6-உம் கறுப்பினத்தார் வட்டாரங்களில் இருந்தன. நகர மக்கள்தொகையில் அவர்கள் சுமார் கால் பங்குதான். வழக்கு தோற்றது. ஆனால் அந்த ஆய்வு முறை இன்றும் உலகமெங்கும் பின்பற்றப்படுகிறது. அதைச் செய்தது பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதுவும் இல்லை, ஒரு வகுப்பறை.

நம் நாட்டில் இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு பாலாற்றங்கரையில் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் செய்த கணக்கெடுப்பில், தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது தெரியவந்தது. அந்தக் கணக்கை வேலூர் மக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் எடுத்துவைத்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும், தீங்கு முழுதாக நிரூபணமாகும் வரை காத்திருக்காமல் முன்னெச்சரிக்கையாக நடக்கவேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. மண் பரிசோதனைக்காரர்கள் எடுத்த ஒரு கணக்கு நாடு முழுவதற்குமான சட்டத்துக்கு உதவியிருக்கிறது. அதற்காக வேலை முடிந்துவிடவில்லை. 2025 ஜனவரியில்கூட, விடுபட்ட இழப்பீட்டைக் கொடுங்கள், பாலாற்றைச் சீர்செய்யுங்கள் என்று உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

பிளாச்சிமடையில் பல்கலைக்கழகங்களின் பங்கு என்ன?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் ஊர்க் கதை.

சித்தூர் தாலுக்கா பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் கொக்கோகோலா ஆலை 2000-இல் ஓடத் தொடங்கியது. ஆலையைச் சுற்றி இரவாளர், மலசர் பழங்குடிக் குடும்பங்கள். பலரும் தமிழ் பேசுகிறவர்கள், பெரும்பாலும் சொந்த நிலமில்லாத கூலிக்காரர்கள். சீக்கிரமே கிணற்றுத் தண்ணீரில் சோறு சரியாக வேகவில்லை, குளித்தால் உடம்பு அரித்தது. பெண்கள் குடத்தோடு வெகுதூரம் நடக்கவேண்டி வந்தது. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் போராட்டப் பந்தல் எழுந்தது. அதன் முகமாக நின்ற மயிலம்மா இரவாளர் சமூகத்துப் பெண். பள்ளிக்கூடம் தராத தெளிவோடு அவர் தண்ணீரைப் பற்றிப் பேசினார். 2007-இல் காலமானார்.

ஆலையின் கழிவுச் சகதி உரம் என்ற பெயரில் விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 2003-இல் ஒரு பி.பி.சி. வானொலி நிகழ்ச்சிக்காக அந்தச் சகதியின் மாதிரியை எடுத்து, இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வகத்தில் சோதித்தார்கள். காட்மியமும் ஈயமும் இருந்தன. அதன் பிறகுதான் வெளியுலகம் நிமிர்ந்து பார்த்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

உலகம் நம்பிய அந்த முடிவு கடல் தாண்டி வரவேண்டியிருந்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகம், திருச்சூர் வெள்ளானிக்கரையில் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம். இரண்டுமே காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தூரம். காட்மியத்தையும் ஈயத்தையும் அளக்கும் கருவி இரு பக்கமும் உண்டு. கூலிக்காரப் பெண் ஒருத்தி தண்ணீர்ப் புட்டியோடு போய்க் கேட்பதற்கு அங்கே ஒரு வாசல் இருக்கவேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

பிற்பாடு கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010-இல் மொத்த இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. விவசாயம், உடல்நலம், நீர்வளம் எல்லாம் அதில் அடங்கும். தண்ணீருக்காக அலைந்ததில் போன கூலியையும் ஓர் இழப்பாகவே அவர்கள் எழுதினார்கள். இப்படி ஒரு கணக்குப் போட மண் தெரிந்தவர், மருத்துவம் தெரிந்தவர், பொருளியல் தெரிந்தவர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். பல்கலைக்கழகத்தில் அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஒரே வளாகத்தில்தான் இருக்கிறார்கள்.

இழப்பீட்டுக்கான தீர்ப்பாயச் சட்ட முன்வரைவு 2011 பிப்ரவரியில் கேரளச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவே இல்லை.

அப்படியானால் ஆய்வு செய்தாலே அது மக்களுக்குச் சாதகமாக வந்துவிடுமா?

வராது. பிளாச்சிமடையே சான்று. நிலத்தடி நீர் மக்களின் பொதுச்சொத்து, அரசு அதன் காவலர் என்று கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2003 டிசம்பரில் சொன்னார். பிறகு கோழிக்கோட்டு நீர்வள ஆய்வு மையத்தின் தலைமையில் ஒரு வல்லுநர் குழு ஆய்வு நடத்தியது. சராசரி மழை பெய்யும் ஆண்டில் நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது அறிக்கை. 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்று ஆலைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அந்தக் குழுவின் நேர்மையை நான் குறை சொல்லவில்லை. நிலத்தடியில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எடுக்கலாம் என்பது ஒரு கேள்வி. சராசரி மழைகூடப் பெய்யாத வருஷத்தில் முதலில் வற்றுவது யாருடைய கிணறு என்பது இன்னொரு கேள்வி. சித்தூரின் கிழக்குப் பகுதி மழைமறைவுப் பிரதேசம், கேரளத்தில் நிலத்தடி நீர் நெருக்கடி மிகுந்த வட்டாரங்களில் ஒன்று. இங்கே இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் கேட்கவேண்டும். கேள்வியை வகுக்கும்போதே ஊர்க்காரர்கள் உடன் இருந்தால் அது விட்டுப்போகாது.

2025 ஜனவரியில் பாலக்காடு மாவட்டத்து எலப்புள்ளியில் மதுபான ஆலைக்குக் கேரள அமைச்சரவை முதற்கட்ட அனுமதி கொடுத்தபோதும் இதே தண்ணீர்க் கேள்விதான் எழுந்தது. பாலக்காடு ஐ.ஐ.டி. இருக்கும் கஞ்சிக்கோடு அங்கிருந்து கூப்பிடு தூரம். இப்படிப்பட்ட திட்டம் வரும்போது, அரசு கேட்கும்வரை காத்திருக்காமல், பக்கத்துக் கல்வி நிறுவனங்கள் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து ஊரறிய வெளியிட வேண்டும் என்பது என் கருத்து.

நான் கேரளத்தில் வாழும் தமிழர். அறிக்கைகள் ஆங்கிலத்தில் அல்லது மலையாளத்தில்தான் வருகின்றன. எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

முதலில் அரசமைப்புச் சட்டத்தின் 350-ஆவது பிரிவு. உங்கள் குறையை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ புழங்கும் எந்த மொழியிலும் மனுவாகக் கொடுக்கலாம். அப்புறம், கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே மாநில அரசுக்கு எழுதவும், அந்த மொழியிலேயே பதில் பெறவும் வழி செய்கிறது. சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும்.

உரிமை இருக்கிறது சரி, மொழிபெயர்க்க ஆள்? இங்கேதான் கல்லூரித் தமிழ்த் துறைகளை நான் எதிர்பார்க்கிறேன். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் இரண்டு மொழியிலும் வளர்ந்தவர்கள். சங்கப் பாடலையும் நவீனக் கவிதையையும் படிக்கும் அந்த வகுப்பு, ஒரு பருவத்தில் ஒரு சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கத்தையாவது ஊர்த் தமிழில் எழுதிக் கொடுத்தால் எவ்வளவு பெரிய உதவி! அறிவியல் துறைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பொருள் பிசகாமல் பார்த்துக்கொள்ளலாம். மதிப்பெண்ணும் தரலாம். அறிக்கை தன் மொழியில் இல்லாதவர் பொது விசாரணைக் கூட்டத்துக்கு வந்தாலும் பார்வையாளராகத்தான் இருப்பார்.

எங்கள் கல்லூரியில் சூரியத் தகடு பொருத்துகிறோம், மரம் நடுகிறோம், பசுமைத் தணிக்கை நடக்கிறது. இதெல்லாம் போதாதா?

நல்ல வேலைகள்தான், விடாமல் செய்யுங்கள். கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் ஏழாவது அளவுகோலில் இவற்றுக்கு இடம் இருக்கிறது. இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010-இல் தொடங்கிய கிரீன்மெட்ரிக் தரவரிசையும் பெரும்பாலும் இவற்றைத்தான் எண்ணுகிறது.

கூடவே இன்னும் சிலவற்றை எண்ணுங்கள். விடுதி போர்வெல் எத்தனை அடிக்குப் போயிருக்கிறது, அதனால் அடுத்த தெருக் கிணறு இறங்கியதா? வளாகத்தின் குப்பையும் ஆய்வக ரசாயனக் கழிவும் கடைசியில் யார் வீட்டுப் பக்கம் போய்ச் சேருகின்றன? செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய வருபவருக்கு என்ன பாதுகாப்பு? ஒப்பந்தத் துப்புரவுப் பெண்களுக்கு மே மாத வெயிலில் ஒதுங்க இடம் உண்டா? தணிக்கை அறிக்கையில் இந்தக் கேள்விகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினாலே கல்லூரி நிர்வாகத்தின் பேச்சு மாறும்.

தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு இதனால் என்ன பயன்?

2020 ஆகஸ்ட் 6 இரவில் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். தோட்டத் தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும், எல்லாம் தமிழ்க் குடும்பங்கள். மழையை யாரும் நிறுத்த முடியாது. ஆனால் சரிவின் அடியில் யார் தூங்குகிறார்கள் என்பதை இயற்கை தீர்மானிப்பதில்லை. பல தலைமுறை உழைத்தும் சொந்தமாக வீடோ மனையோ இல்லாதவர்களுக்கு லயம் எங்கே கட்டித் தரப்பட்டதோ அங்கேதான் வாழ்க்கை.

மூணாறு அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகம் 2009-லிருந்து நிலச்சரிவு எச்சரிக்கைக் கருவிகளை நிறுவி இயக்கிவருகிறது. மண்ணுக்குள் துளையிட்டு ஈரத்தையும் நீரழுத்தத்தையும் அசைவையும் அளக்கும் உணரிகள் அவை. ஒரு பல்கலைக்கழகம் ஒரு ஊரோடு இத்தனை வருஷம் நின்று வேலை செய்வது அரிது. அதைப் பாராட்டுகிறேன். இந்த வேலை எல்லா லயங்களுக்கும் போகவேண்டும். எச்சரிக்கை தமிழில், வீட்டு வாசலுக்கு, இரவிலும் வரவேண்டும். ஆபத்தான சரிவில் இருக்கும் லயங்களின் பட்டியலைத் தொழிற்சங்கங்களிடமும் கொடுக்கவேண்டும், ஏனென்றால் மாற்று வீடு கேட்டு வாதாடப்போவது அவர்கள்தான்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சந்தேகம் இருக்கிறது. என்ன செய்வது?

பக்கத்துக் கல்லூரியின் வேதியியல் துறைக்கோ சுற்றுச்சூழல் அறிவியல் துறைக்கோ எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். பஞ்சாயத்து உறுப்பினரின் கையெழுத்தும் இருந்தால் நல்லது. நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரி எடுக்கும் முறை முக்கியம். குளிர்பான பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் முடிவு பயன்படாது. கன உலோகம் பார்ப்பதற்குச் சுத்தமான பிளாஸ்டிக் புட்டியில் எடுத்து, ஆய்வகத்தார் சொல்லும் அளவு நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள். அதை அவர்களே செய்யட்டும். கிருமி பார்ப்பதற்குக் கிருமிநீக்கிய புட்டி வேண்டும், ஐஸில் வைத்து ஒரு நாளைக்குள் கொண்டுசேர்க்க வேண்டும். தேதி, நேரம், கிணற்றின் அடையாளம் மூன்றும் புட்டியின் மேல் எழுதியிருக்க வேண்டும். ஒரே ஒரு கிணற்றோடு நிறுத்தாதீர்கள். சந்தேகப்படும் இடத்துக்குப் பக்கத்தில், தள்ளி, இன்னும் தள்ளி என்று எடுத்தால்தான் மாசு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் எடுக்கவேண்டும்.

முடிவு வந்ததும் குடிநீருக்கான இந்தியத் தர அளவோடு ஒப்பிடுங்கள். லிட்டருக்கு ஈயம் 0.01 மில்லிகிராம், காட்மியம் 0.003 மில்லிகிராம், இவை தாண்டக்கூடாத எல்லைகள். கரைந்த உப்பு மொத்தம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு நீரே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

ஒன்றை நினைவில் வையுங்கள். ஆலை விடும் கழிவுநீர் பற்றி 1974 தண்ணீர்ச் சட்டத்தின்படி வழக்குத் தொடர, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி முறைப்படி அறிவிப்புக் கொடுத்து எடுத்த மாதிரிதான் சான்றாகும். கல்லூரி எடுத்தது அந்த வழக்குக்குப் போதாது. ஆனால் வாரியத்தை வரவழைக்கவும், சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஒரு கூட்டுக் குழுவை அனுப்பவும் அது தூண்டுகோலாகும். தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது, கேரளமும் ஆந்திரமும் அதன் வரம்புக்குள் வரும். இழப்பீடு கேட்க 5 வருஷ அவகாசம். மற்ற சூழல் தகராறுகளுக்கு 6 மாதம்தான் என்பதால் தாமதிக்கக்கூடாது. சட்டக் கல்லூரிகளின் சட்ட உதவி மையங்கள் மனு எழுத உதவும்.

இரண்டு மாநிலப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வேலை செய்ய முடியுமா?

கட்டாயம் செய்யவேண்டும். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வரவேண்டும். சித்தூர்ப் பக்கத்து நெல்லும் தென்னையும் அதை நம்பி இருக்கின்றன. அந்தப் பக்கம் பொள்ளாச்சி, உடுமலை விவசாயிகளுக்கும் அதே தண்ணீர்தான். ஒவ்வொரு கோடையிலும் தகராறு, ஒவ்வொரு தரப்பிலும் ஒரு கணக்கு. கோவை மாணவரும் கோழிக்கோட்டுப் பல்கலைக்கழக மாணவரும் ஒரே மதகில் ஒன்றாக நின்று அளந்து, ஒரே தாளில் இரண்டு மொழியிலும் எழுதினால் கடைமடைக்காரர் இருவருக்குமே நம்பிக்கையான ஒரு கணக்கு கிடைக்கும். சண்டையில் கடைசியில் காய்வது எப்போதும் கடைமடைதான், அது எந்த மாநிலத்தில் இருந்தாலும்.

ஆந்திர எல்லையில் குப்பத்தில் இருக்கும் திராவிடப் பல்கலைக்கழகம் 1997-இல் தொடங்கியது. நான்கு தென்மாநில அரசுகளின் ஒத்துழைப்போடு உருவானது, அங்கே தமிழும் படிக்கலாம். பாலாறு அந்தப் பக்கமாகத்தான் வேலூருக்கு இறங்குகிறது. பாலாற்றின் தடுப்பணைகள் பற்றி இரு மாநிலங்களுக்கும் நடக்கும் சண்டையில் தெலுங்கு விவசாயியின் வறட்சியையும் தமிழ் விவசாயியின் வறட்சியையும் ஒரே அறிக்கையில் எழுதுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

பாடத்திட்டத்தில் இதற்கு இடம் உண்டா?

உண்டு. உச்ச நீதிமன்றம் 1991-இல் இட்ட உத்தரவின் தொடர்ச்சியாக எல்லா இளங்கலை மாணவர்களுக்கும் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம். களப்பணியும் அதில் அடங்கும். மலம்புழா அணைக்குச் சுற்றுலா போய் வந்து எழுதுவதற்குப் பதில் ஒரு காலனியின் தண்ணீர்க் கணக்கை எழுதலாம். என்.எஸ்.எஸ். முகாமையும் கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்கும் உன்னத பாரத் அபியான் திட்டத்தையும் இதற்கே பயன்படுத்தலாம்.

ஆய்வுக்கு வருகிறவர்கள் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள், திரும்பி வருவதே இல்லை. இனி வந்தால் என்ன கேட்கவேண்டும்?

நியாயமான கோபம். வரும்போதே கேளுங்கள்: இதற்குப் பணம் கொடுப்பது யார்? முடிவு எங்களுக்கு எப்போது, எந்த மொழியில் வரும்? எங்கள் பெயரும் படமும் எங்கே போகும்? பாதகமான முடிவு வந்தால் மறைப்பீர்களா? பதிலை எழுத்தில் வாங்கி, துறைத் தலைவரின் கையெழுத்தோடு பஞ்சாயத்தில் ஒரு நகல் வையுங்கள். கிராம சபையில் தமிழில் வாசித்துக் காட்டுவதாக ஒப்புக்கொள்ளாதவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

ஏற்கெனவே நடந்து முடிந்த ஆய்வு என்றால், அரசு நிதியில் இயங்கும் பல்கலைக்கழகங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொருந்தும். ஆய்வின் தலைப்பு, ஊரின் பெயர், தோராயமான ஆண்டு இவற்றைக் குறிப்பிட்டு, அறிக்கையின் நகலைக் கேட்டு, பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் போடுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அதே பல்கலைக்கழகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.